தீப்பொறியைத் தேடிய பட்டறைகள்

கோயம்புத்தூரின் தொழில் வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் பஞ்சாலைகளிலிருந்தே தொடங்குவர். 1888ஆம் ஆண்டில் ராபர்ட் ஸ்டேன்ஸ் முதலியோர் கோவையில் நிறுவிய நூற்பாலையும், 1930களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காராவிலிருந்து இறங்கி வந்த மின்சாரமும் அவ்வரலாற்றில் முதலிடம் பெறும். அது தகும். ஆயினும், ஆலைகளின் புகைபோக்கிகளுக்கு அப்பால், சாலையோரக் கொட்டகைகளில் எண்ணெய்க் கறை படிந்த கைகளோடு நடந்த மற்றொரு வரலாறும் உண்டு. அது மோட்டார்ப் பட்டறைகளின் வரலாறு. நூல்களில் குறைவாகவே எழுதப்பெற்ற அவ்வரலாற்றின் ஒரு சிறு பகுதியை, அதாவது பெட்ரோல் வண்டியின் தீப்பொறியை நம்மவர் தேடிக் கண்டறிந்த முறையை, மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

பெட்ரோல் இயந்திரம் இயங்குவதற்கு மூன்று பொருள்கள் வேண்டும்: காற்று, பெட்ரோல், தீப்பொறி. காற்று எங்கும் உள்ளது. பெட்ரோலைக் கண்ணால் காணலாம், மூக்கால் முகரலாம், குழாயில் வருகிறதா இல்லையா என்பதை நொடியில் அறியலாம். தீப்பொறியின் நிலை வேறு. அது மூடிய உருளைக்குள்ளே, இமைப்பொழுதிலும் குறைந்த நேரத்தில் தோன்றி மறைகின்றது. அதனை உண்டாக்கும் மின்சாரமோ கண்ணுக்குத் தெரியாது. ஆகவே, வண்டி நடுவழியில் நின்றுவிட்டால், காணாத ஒன்றைக் காரண காரியத்தால் கண்டுபிடிக்க வேண்டிய கட்டாயம் பட்டறைக்காரருக்கு ஏற்பட்டது. எழுத்தறிவு குறைந்தவரும் விஞ்ஞான முறையில் சிந்திக்கப் பழகிய இடம் இதுவே.

முதலில் அத்தீப்பொறியின் பிறப்பைச் சற்றே காண்போம். 1831ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில விஞ்ஞானி, ஒரு சுருளில் ஓடும் மின்னோட்டம் மாறும்போது அருகிலுள்ள மற்றொரு சுருளில் மின்சாரம் தோன்றுவதைக் கண்டறிந்தார். 1836ஆம் ஆண்டில் அயர்லாந்து நாட்டுப் பாதிரியாரும் பேராசிரியருமான நிக்கோலஸ் காலன் இவ்வுண்மையைக் கொண்டு, சிறு மின்கலத்திலிருந்து பெரும் மின்னழுத்தத்தைத் தரும் தூண்டு சுருளைச் செய்து காட்டினார். பாரிசு நகரில் கருவிகள் செய்துவந்த ரூம்கார்ப் 1850களில் அதனைச் செம்மைப்படுத்தினார். மின்னோட்டத்தைத் துண்டிக்கும் இடத்திற்குக் குறுக்கே ஒரு மின்தேக்கியை வைத்தால் பொறி வலுப்பெறும் என்று 1853இல் பிரெஞ்சு விஞ்ஞானி பிசோ காட்டினார். இன்றும் பழைய வண்டிகளில் ‘கண்டென்சர்’ என்று நம் மெக்கானிக்குகள் சுட்டும் சிறு உருளை இதன் வழித்தோன்றலே.

1860ஆம் ஆண்டில் லெனுவார் தம் வாயு இயந்திரத்திலும், கால் நூற்றாண்டு கழித்துக் கார்ல் பென்ஸ் தம் முதல் மோட்டார் வண்டியிலும் இத்தகைய சுருளையே பொறிக்காகப் பயன்படுத்தினர். ஆனால் அக்கால மின்கலங்கள் விரைவில் ஓய்ந்துவிடும். எனவே, மின்கலமே வேண்டாத ‘மாக்னெட்டோ’ என்னும் கருவி செல்வாக்குப் பெற்றது. ஜெர்மனியில் ராபர்ட் பாஷின் பட்டறையில் பணியாற்றிய ஹோனோல்ட் 1902இல் உயர் அழுத்த மாக்னெட்டோவை உருவாக்கினார். அமெரிக்காவில் கெட்டரிங் என்பார் மின்கலம், சுருள், பாயிண்ட் ஆகியவற்றைக் கொண்டு அமைத்த எளிய முறை 1910ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டிகளில் இடம்பெற்றது. வண்டியிலேயே டைனமோவும் நல்ல மின்கலமும் பொருத்தப்பட்ட பின், கெட்டரிங் முறையே உலகெங்கும் பரவி, ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆட்சி செலுத்தியது.

அம்முறையின் செயல் மிகவும் அழகானது. சுருளுக்குள் மெல்லிரும்புத் தகடுகளாலான ஒரு தண்டு உண்டு. அதன்மேல் சில நூறு சுற்றுத் தடித்த கம்பி. அது முதன்மைச் சுருள். பல்லாயிரம் சுற்று மயிரிழை போன்ற கம்பி. அது துணைச் சுருள். பாயிண்ட் மூடியிருக்கையில் மின்கலத்தின் மின்னோட்டம் முதன்மைச் சுருளில் ஓடி, காந்தப் புலத்தை வளர்க்கின்றது. பாயிண்ட் சட்டெனத் திறந்தால் அப்புலம் சரிந்து வீழ்கின்றது. அந்த வீழ்ச்சியில் துணைச் சுருளில் பத்தாயிரம், இருபதாயிரம் வோல்ட் அழுத்தம் எழுகின்றது. அது நடு வயர் வழியாக டிஸ்ட்ரிபியூட்டருக்குச் சென்று, ரோட்டாரால் முறைப்படி பங்கிடப்பெற்று, பிளக் வயர்கள் வழியாக ஒவ்வோர் உருளைக்கும் போய்ச் சேர்கின்றது. நான்கு உருளை கொண்ட இயந்திரம் நிமிடத்திற்கு 3,000 சுற்றுச் சுழன்றால் நொடிக்கு 100 பொறிகள் வேண்டும். ஒரு பொறியும் தவறலாகாது. தவறினால் வண்டி குலுங்கும். ‘மிஸ்ஸிங்’ என்று பட்டறைகளில் வழங்கும் சொல் இதனைக் குறிப்பதே.

இனிக் கொங்கு நாட்டுச் சாலைகளுக்கு வருவோம். 1893ஆம் ஆண்டில் கோவையை அடுத்த கலங்கலில் பிறந்த கோபால்சாமி துரைசாமி நாயுடு, அதாவது நாம் ஜி.டி. நாயுடு என்று அழைக்கும் பெரியார், பள்ளிப் படிப்பு மிகக் குறைந்தவர். இளமையில் சாலையில் சென்ற ஓர் ஆங்கில அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். கோவையில் ஓட்டல் ஒன்றில் வேலை பார்த்துப் பொருள் சேர்த்து, அவ்வாகனத்தை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஓட்டிக் களிப்பதோடு நிற்கவில்லை. அதனை உறுப்பு உறுப்பாகக் கழற்றி, மீண்டும் பூட்டிக் கற்றார். 1920ஆம் ஆண்டில் ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு ஒரு பேருந்தை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அவ்வொரு வண்டியே பின்னர் யூ.எம்.எஸ். என்னும் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸாக வளர்ந்து, நாட்டின் சிறந்த பேருந்து நிறுவனங்களுள் ஒன்றாகப் புகழ்பெற்றது. 1931இல் பொள்ளாச்சியில் நாச்சிமுத்துக் கவுண்டர் ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட்டைத் தொடங்கினார். பிற ஊர்களிலும் பேருந்துகள் பெருகின.

பொள்ளாச்சியிலிருந்து உடுமலை வழியாகப் பழனிக்குச் செல்லும் வழி ஏறத்தாழ நாற்பது மைல். அக்காலத்தில் இடையில் ஒரு வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது? உதிரிப் பாகங்கள் யாவும் கடல் கடந்து வந்தவை. புதிய சுருள் வேண்டுமெனில் பெரிய நகரத்து ஏஜெண்டுக்கு எழுத வேண்டும். அங்கு இல்லையெனில் கப்பலை எதிர்பார்த்திருக்க வேண்டும். ஒரு சுருளின் விலை ஒரு தொழிலாளியின் வருவாயோடு ஒப்பிடச் சிறிதன்று. ஆகவே, ‘எதற்கும் மாற்றிப் பார்ப்போம்’ என்று சொல்ல அன்றைய பட்டறைக்காரருக்கு வசதியில்லை. பழுது இன்ன இடத்தில்தான் என்று உறுதிப்படுத்திய பின்னரே ஒரு பொருளைக் கழற்றி எறிய முடியும். வறுமையும் தொலைவும் சேர்ந்து அவருக்குச் சோதித்தறியும் ஒழுக்கத்தைக் கற்பித்தன.

அச்சோதனையின் முறை வழிவழியாக வந்தது. மீட்டர் என்னும் அளவைக் கருவி எல்லாப் பட்டறைகளிலும் இல்லாத காலத்தில், இரு கம்பிகள் இணைத்த ஒரு சிறு பல்பே சோதனைக் கருவி. முதலில் நடு வயரை டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து கழற்றி, அதன் முனையை இயந்திரத்தின் இரும்பிலிருந்து கால் அங்குலத் தொலைவில் நிறுத்தி, இயந்திரத்தைச் சுழற்றிப் பார்ப்பர். நீல நிறமாகச் சடசடவென்று பொறி பாய்ந்தால் சுருள் வரையில் குறையில்லை. பழுது அதற்கப்பால் மூடியிலோ, ரோட்டாரிலோ, பிளக் வயரிலோ, பிளக்கிலோ இருக்க வேண்டும். பொறியே இல்லையெனில் பழுது சுருளிலோ அதற்கு முன்னரோ உள்ளது. இந்த ஒரு சோதனையால் சந்தேகத்திற்குரிய பொருள்களில் பாதி விலகிவிடுகின்றது. பின்னர் எஞ்சிய பாதியை மீண்டும் பாதியாக்குவர். கணித வகுப்பில் நாம் கற்கும் தருக்கமும் இதுவே அன்றோ?

பொறி மஞ்சளாகவும் மெலிந்தும் இருந்தால் என்ன பொருள்? அப்போது பல்பை எடுப்பர். சுருளுக்கு மின்சாரம் வருகிறதா, பாயிண்ட் திறந்து மூடுகையில் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பார்ப்பர். விளக்கு ஒழுங்காக எரிந்து அணைந்தும் பொறி மெலிந்திருந்தால், பாயிண்டின் முகத்தையும் கண்டென்சரையும் ஆராய்வர். கண்டென்சர் கெட்டால் பாயிண்டிலேயே நெருப்புப் பறந்து அது கருகிவிடும். பிளக்கில் பொறி வலுவிழக்கும். இவையெல்லாம் செம்மையாக இருந்த பின்னரே சுருளின்மேல் குற்றம் சாட்டுவர். பிற்காலத்தில் மீட்டர் வந்தபோது இத்தீர்ப்பை எண்ணாலும் உறுதிப்படுத்தலாயிற்று. 12 வோல்ட் வண்டியின் சாதாரணச் சுருளில் முதன்மைச் சுற்றின் மின்தடை ஏறத்தாழ 3 ஓம். ஓம் விதிப்படி அதில் 4 ஆம்பியர் ஓடும். துணைச் சுற்றின் தடை சில ஆயிரம் ஓம் முதல் பதினைந்தாயிரம் ஓம் வரை இருக்கும். முடிவிலி காட்டினால் உள்ளே கம்பி அறுந்துள்ளது. மிகக் குறைந்து காட்டினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன.

ஆனால் மீட்டரை மட்டும் நம்பியவர் பலமுறை ஏமாறினர். குளிர்ந்த நிலையில் குறையேதும் காட்டாத சுருள், சூடேறியதும் செயலிழக்கும். சமவெளியில் இனிது ஓடிய வண்டி மலையேறும்போது திணறும். இதற்குக் காரணம் உண்டு. சுமையோடு ஏறும் இயந்திரத்தின் உருளைக்குள் அழுத்தம் மிகுகின்றது. அழுத்தம் மிகுந்த வாயுவின் ஊடே பொறி பாய்வதற்கு உயர்ந்த வோல்ட் வேண்டும். நலிந்த சுருளால் அதனைத் தர இயலாது. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டையூசி வளைவுகள். அம்மலைச் சாலையும் உதகைச் சாலையும் கொங்கு நாட்டு வண்டிகளுக்கு அமைந்த இயற்கைப் பரிசோதனைச் சாலைகள் எனலாம். பட்டறையில் தேறிய சுருள் மலையில் தேறுகிறதா என்பதே இறுதித் தேர்வு.

பிளக் வயர்களின் சோதனை இன்னும் நுட்பமானது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பொள்ளாச்சிப் பக்கம் ஈரத்தைக் கொண்டுவரும். அக்காலத்தில் ரப்பர் உறை வெடித்த பழைய வயர்களில் மின்சாரம் பிளக்கை அடையாமல் வழியிலேயே இரும்பிற்குக் கசிந்துவிடும். பகலில் இது தெரியாது. இருட்டில் இயந்திரத்தை ஓடவிட்டு மூடியைத் திறந்து பார்த்தால், கசியும் இடத்தில் நீல ஒளி மின்னுவது தெரியும். இருளையே கருவியாக்கிய இச்சோதனைக்குக் காசு செலவில்லை. எந்த உருளை வேலை செய்யவில்லை என்று அறிவதற்கு, ஓடும் இயந்திரத்தில் ஒவ்வொரு பிளக்காகத் துண்டித்துப் பார்ப்பர். எதைத் துண்டித்தால் ஓட்டத்தில் மாறுதல் இல்லையோ, அதுவே முன்னரே சோம்பிக் கிடந்த உருளை. 1908 முதல் 1927 வரை வெளிவந்த ஃபோர்டு ‘டி’ வண்டியில் உருளைக்கு ஒன்றாக நான்கு அதிர் சுருள்கள் மரப்பெட்டியில் இருந்தன. அவற்றின் அதிரும் நாக்கை விரலால் அழுத்தி நிறுத்தியே ஓட்டுநர் இதே சோதனையைச் செய்துகொள்ள முடிந்தது.

எழுதுகோலைக் கொண்டு செய்யும் ஒரு சோதனையும் மாணவர்களுக்குச் சுவை தரும். சுருளின் இணைப்பு தலைகீழாக இருந்தாலும் வண்டி ஓடும். ஆனால் பொறிக்கு மிகுந்த அழுத்தம் தேவைப்படும். இதனை அறிய, வயரின் முனைக்கும் பிளக்கிற்கும் இடையே ஒரு பென்சிலின் கரிமுனையை நிறுத்துவர். பிளக்கின் பக்கம் பொறி தீநாக்குப் போல் விரிந்தால் இணைப்பு சரி. வயரின் பக்கம் விரிந்தால் இணைப்பு மாறியுள்ளது. இதனைப் படிக்கும் மாணவர் ஒருவரும் தாமே செய்து பார்க்க முற்படலாகாது. பெட்ரோல் ஆவி தீப்பற்றும். அவ்வழுத்தம் தரும் அதிர்ச்சி கொடியது. தேர்ந்த ஆசிரியர் அருகிருந்து செய்து காட்டினாலன்றி இவற்றைத் தொடாதிருப்பதே அறிவுடைமை.

வானொலி கேட்கும் நமக்கு இச்சுருளோடு மற்றோர் உறவும் உண்டு. ஜெர்மானிய விஞ்ஞானி ஹெர்ட்ஸ் 1880களின் இறுதியில் மின்காந்த அலைகளை உண்டாக்கிக் காட்டியதும், மார்க்கோனி தம் முதல் கம்பியில்லாத் தந்தியை அனுப்பியதும் தூண்டு சுருளின் பொறியைக் கொண்டுதான். ஆகவே, ஒவ்வொரு பெட்ரோல் வண்டியும் தானறியாத ஒரு வானொலி நிலையமே. அது அருகில் சென்றால் பெட்டியில் கரகரவென்று ஒலி எழும். அதனைத் தடுப்பதற்காகச் செம்புக் கம்பிக்குப் பதிலாகக் கரி ஊட்டிய இழையைக் கொண்ட பிளக் வயர்கள் வந்தன. செம்பு வயரின் தடை ஏறக்குறையச் சுழி. கரி வயரின் தடையோ அடிக்குச் சில ஆயிரம் ஓம். இதனை அறியாதவர் மீட்டரை வைத்தால், நல்ல கரி வயரைக் கெட்டதென்று எறிந்துவிடுவார். எண்ணைப் படிப்பது எளிது. அளக்கப்படும் பொருளின் இயல்பை அறிந்த பின்னரே அவ்வெண்ணுக்குப் பொருள் உண்டாகும்.

இரண்டாம் உலகப் போர் இக்கல்வியை மேலும் கடினமாக்கியது. பெட்ரோல் பங்கீட்டுக்கு உட்பட்டது. பேருந்துகளின் பின்புறம் அடுப்புப் போன்ற கலன் பொருத்தி, மரக்கரியிலிருந்து எழும் வாயுவால் வண்டிகளை ஓட்டினர். கரிவாயு மெதுவாக எரிவது. ஆகவே பொறியை முன்கூட்டியே பாய்ச்ச வேண்டும். பெட்ரோலில் எப்படியோ சமாளித்த நலிந்த சுருளும் கசியும் வயரும் கரிவாயுவில் வண்டியை நகரவிடா. அதே வேளையில் வெளிநாட்டு உதிரிப் பாகங்களின் வரத்தும் அருகிவிட்டது. பழையதைப் பழுதுபார்த்தே வாழ வேண்டிய ஆண்டுகள் அவை.

இப்பழக்கம் பேருந்தோடு நின்றுவிடவில்லை என்பதே இவ்வுரையின் மையக் கருத்து. சுருளில் சுற்றுகள் எங்கே ஒட்டின, எங்கே அறுந்தன என்று தேடிப் பழகியவர், டைனமோவின் ஆர்மேச்சூரை அவிழ்த்துக் கட்டவும் துணிவார். ஆர்மேச்சூரைக் கட்டியவர் மோட்டாரையே செய்யத் துணிவார். ஜி.டி. நாயுடு தொடங்கிய தொழில்களுள் ரேடியேட்டர் தொழிற்சாலையும் ஆர்மேச்சூர் சுற்றும் பட்டறையும் இடம்பெற்றதை நோக்குக. 1937ஆம் ஆண்டில் பீளமேட்டில், அவருடைய நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸிலிருந்து, டி. பாலசுந்தரம் நாயுடுவின் உழைப்பால் இந்தியாவின் முதல் மின் மோட்டார் வெளிவந்தது. ஆழக் கிணறுகளை நம்பி வாழும் கொங்கு வேளாளனுக்கு மோட்டாரின் வரவு எத்தகைய விடுதலை என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆலை, மின்சாரம், மூலதனம் ஆகியவற்றின் பங்கை மறுப்பார் இலர். ஆயினும், பழுதின் காரணத்தைத் தேடிக் காணும் மனம் முன்னரே பட்டறைகளில் பழுத்திராவிடில், அம்மூன்றும் இத்துணை விரைவில் பயன் தந்திரா என்பது என் துணிபு.

பட்டறை அறிவைப் பள்ளிக்குள் கொணரவும் அவர் முயன்றார். 1945ஆம் ஆண்டில் அவரது முயற்சியாலும் கொடையாலும், அன்றைய சென்னை ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரால், தொழிற்பள்ளியும் பொறியியற் கல்லூரியும் தோன்றின. ஏட்டுப் பாடத்தைக் குறைத்துக் கைவேலையைப் பெருக்கினால் நான்காண்டுக் கல்வியை இரண்டாண்டில் முடிக்கலாம் என்பது அவர் வாதம். அரசு அதனை ஏற்கவில்லை, அவர் விலகினார். அக்கல்லூரி பின்னர் இடம் மாறித் தடாகம் சாலையில் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகின்றது. அவினாசி சாலையில் ‘ஹோப் காலேஜ்’ என்னும் நிறுத்தத்தின் பெயர் மட்டும் அம்முயற்சியை நினைவூட்டிக்கொண்டு பழைய இடத்திலேயே நிலைத்துவிட்டது. இரண்டாண்டு போதுமா, நான்காண்டு வேண்டுமா என்பது விவாதத்திற்குரியது. கையும் கருத்தும் பிரியலாகாது என்னும் அவர் கொள்கை விவாதத்திற்கு அப்பாற்பட்டது.

விடுதலைக்குப் பின் நிலைமை மாறியது. 1951இல் பெங்களூரில் மைக்கோ நிறுவனம் தொடங்கப்பெற்று, பிளக்குகள் நம் நாட்டிலேயே செய்யப்பட்டன. 1961இல் சென்னையில் லூகாஸ் டி.வி.எஸ். நிறுவப்பெற்று, சுருளும் டிஸ்ட்ரிபியூட்டரும் இங்கேயே கிடைக்கலாயின. பேருந்துகள் டீசலுக்கு மாறின. டீசல் இயந்திரத்திற்குத் தீப்பொறியே தேவையில்லை. ஆகவே சுருளும் பாயிண்டும் அம்பாசடர், ஃபியட் போன்ற கார்களின் உடைமையாக எஞ்சின. 1980களுக்குப் பின் மின்னணு முறை பரவியது, பாயிண்ட் மறைந்தது. இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு சிறு சுருள் அமர்ந்துள்ளது; நீண்ட வயருக்கே வேலையில்லை. பழுது நேர்ந்தால் கணிப்பொறியை இணைக்கின்றனர். அது ஓர் எண்ணைக் காட்டுகின்றது.

இம்மாற்றத்தை எண்ணி வருந்துவது நம் வேலையன்று. புகை குறைந்துள்ளது, எரிபொருள் மிச்சமாகின்றது. ஆனால் ஓர் எச்சரிக்கை தேவை. மூன்றாம் உருளையில் பொறி தவறுகிறது என்று கருவி சொல்லும். சுருள் கெட்டதா, பிளக் கெட்டதா, கம்பி இணைப்புத் தளர்ந்ததா, அல்லது எரிபொருளே வரவில்லையா என்பதைப் பெரும்பாலும் அது சொல்லாது. அவ்விடத்தில் மூன்றாம் உருளையின் சுருளை இரண்டாம் உருளைக்கு மாற்றிப் பொருத்தி, குறையும் கூடவே இடம் மாறுகிறதா என்று பார்ப்பவரே தேர்ந்த மெக்கானிக். மாறினால் சுருள் குற்றவாளி. மாறாவிடில் அது நிரபராதி. கருவி புதிது, முறை மட்டும் ஒரு காலத்தில் பல்பை வைத்துத் தேடியவரின் பழைய முறையே.

கோவை அவினாசி சாலையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையினர் 2015இல் திறந்த கார் அருங்காட்சியகத்தில் பழைய வண்டிகள் பல காட்சிக்கு உள்ளன. மாணவர்கள் அங்குச் சென்றால் வண்ணப் பூச்சையும் விளக்குகளையும் கண்டு திரும்பிவிடாமல், எந்த வண்டியில் மாக்னெட்டோ, எந்த வண்டியில் சுருள் என்று கேட்டறிக. பின்னர் தம் ஊர்ப் பட்டறையில் முதிர்ந்த மெக்கானிக் ஒருவரை அணுகி, இருட்டில் வயரைச் சோதித்த கதையைக் கேட்டு எழுதிக்கொள்க. பட்டறைகளில் எழுதா வரலாறாக இருப்பது அவர்கள் நினைவு ஒன்றே. அதனை ஏட்டில் ஏற்றும் கடமை இளைய தலைமுறையினருடையது.